காலனி வீட்டுச் சுவரில் கரையும் சாந்து

நாகை, திருவாரூர் மாவட்டங்களின் காலனித் தெருக்களில் ஒரு நாள் நடந்து பாருங்கள். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகளின் வெளிச்சுவரில் ஒரே மாதிரியான காட்சி தெரியும். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பூச்சு இருக்காது. செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து இருந்த இடத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் சீப்பும் பல்துலக்கும் பிரஷும் சொருகியிருப்பார்கள். சுவரடியில் பொடிப்பொடியாகச் செம்மண்ணும் மணலும் தினமும் கொட்டும். காலையில் வாசல் பெருக்கும் பெண்கள் குப்பையோடு சேர்த்து அதையும் அள்ளிப் போடுவார்கள்.

அள்ளிப் போடுவது குப்பை அல்ல, வீடு. ஒவ்வொரு மழைக்கும் ஒரு கைப்பிடி என்று நம் வீடுகள் கரைந்துகொண்டிருக்கின்றன.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அதே தெருவில் வீட்டுக்கு ஒருவர் கட்டட வேலைக்குப் போகிறவர். சென்னையிலும் திருப்பூரிலும் கேரளத்திலும் மாடி மேல் மாடி எழுப்பியவர்கள் இருக்கிறார்கள். சாரம் கட்டியவர்கள், கலவை சுமந்தவர்கள், சூளையில் கல் அறுத்தவர்கள் இருக்கிறார்கள். மாவட்டத்தின் சுவர்களுக்கெல்லாம் உழைத்த கைகள் வாழும் தெருவில் சுவர் உதிர்கிறது. இதற்குச் சோம்பல் காரணமில்லை. சொந்த வீட்டில் ஒரு நாள் வேலை பார்த்தால் அன்றைய கூலி போய்விடும். போதாக்குறைக்கு, ‘அரசு கொடுத்த வீடு, அரசே பார்க்கட்டும்’ என்று நாம் காத்திருக்கிறோம். ‘கொடுத்தாகிவிட்டது, இனி உங்கள் பாடு’ என்று அரசு ஒதுங்கிக்கொள்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சாந்து கரைகிறது.

செங்கல் சுவரின் இடைவெளிகளில் பழைய சாந்தைச் சுரண்டி எடுத்துப் புதுச் சாந்து வைத்து அடைக்கும் வேலையைக் கொத்தனார்கள் ‘பாயிண்டிங்’ என்பார்கள். பெரிய செலவு பிடிக்காத, சரியாகச் செய்தால் சுவரின் ஆயுளைப் பல ஆண்டு நீட்டிக்கும் வேலை அது. அதை எப்படிச் செய்வது, அதற்கு அரசிடம் எதைக் கேட்பது என்ற இரண்டையும் சேர்த்தே இங்கே பேசுகிறேன். ஏனென்றால் இந்தச் சுவர் நமக்குச் சும்மா வந்ததல்ல.

மனை இல்லாதவனுக்குச் சுவர் ஏது?

1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் நினைவுகூரும் அறிக்கை அது. அதில் நிலத்தைப் போலவே அழுத்தமாகச் சொல்லப்பட்ட இன்னொன்று குடியிருப்பு மனை. குடிசை போட்டிருக்கும் இடம்கூட அந்த மக்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் கையில் இருக்கிறது, எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டே துரத்த முடியும் என்பதை அவர் பதிவு செய்தார்.

தஞ்சைத் தரணியின் கதையும் அதுதான். பண்ணையாளாக இருந்தவனுக்குக் குடிசை பண்ணையாரின் மனையில். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். எந்த நாளும் பிரித்துப் போட்டுவிட்டுப் போகச் சொல்லும் இடத்தில் எவன் செங்கல் வைப்பான்? மண் சுவரும் கீற்றும்தான் கதி. அதைக் காலங்காலமாகப் பார்த்தவர்கள், ‘அவர்களுக்குக் குடிசைதான் பழக்கம்’ என்று பேசினார்கள். அது பழக்கமல்ல, கட்டாயம்.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் எரிக்கப்பட்டது அப்படி ஒரு குடிசைக்குள்தான். கூலி கேட்டவர்களின் உயிரைக் காக்க அங்கே ஒரு கெட்டியான சுவர்கூட இல்லை.

அதற்குப் பிறகு 1971-ல் குடியிருப்போருக்கு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளிகளும் கிராமக் கைவினைஞர்களும் தாங்கள் குடியிருந்த மனைக்கு உரிமையாளர் ஆனார்கள். செங்கொடி இயக்கம் இந்த மண்ணில் நடத்திய நீண்ட போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. 1974-ல் தாட்கோ தொடங்கப்பட்டது. இன்று கடன் கொடுக்கும் நிறுவனமாக மட்டும் மாணவர்களுக்குத் தெரியும் தாட்கோ, ஆரம்ப ஆண்டுகளில் ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் தீப்பிடிக்காத வீடுகள் கட்டுவதைத்தான் முக்கிய வேலையாக வைத்திருந்தது. ‘தீப்பிடிக்காத வீடு’ என்ற சொல்லின் பொருள் வெண்மணி மண்ணில் பிறந்தவர்களுக்கு விளக்காமலே புரியும்.

1985-86-ல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. முதலில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கு மட்டும் என்று இருந்த அந்தத் திட்டம், 1993-94 முதல் மற்ற ஏழைகளுக்கும் விரிந்தது. அரசின் கையை மட்டும் பார்த்திருக்காமல் நடந்த முயற்சிகளும் உண்டு. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981-ல் தொடங்கிய ‘லாஃப்டி’ அமைப்பு, கீழத்தஞ்சையில் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் பெற்றுத் தந்ததோடு, மக்களே செங்கல் அறுத்து வீடு கட்டிக்கொள்ளும் வேலையையும் செய்தது.

ஆக, நம் தெருவில் நிற்கும் ஒவ்வொரு செங்கல் சுவரும் ஒரு உரிமைப் பத்திரம். பட்டாவைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறோம். சுவரை மழையில் விட்டுவிட்டோம்.

ஏன் உதிர்கிறது?

முதல் காரணம் கட்டும்போதே நடந்தது. இந்திரா குடியிருப்புத் திட்ட விதிப்படி ஒப்பந்ததாரர் கூடாது, பயனாளியே கட்ட வேண்டும். பல ஊர்களில் நடந்தது வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். சாந்தில் மணல் கூடியது, சிமெண்ட் குறைந்தது. வேகாத கல்லும் வந்து இறங்கியது. வெளிப்பூச்சு இல்லாமலே சாவி கொடுக்கப்பட்டது. இருபது சதுர மீட்டர், அதாவது சுமார் 215 சதுர அடி வீட்டில் அதற்கு மேல் எதைக் கேட்க முடியும் என்று நம் பெரியவர்களும் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது காரணம் ஓதம். டெல்டாவின் களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மண். காலனிகள் பெரும்பாலும் ஊரின் தாழ்ந்த பகுதியில், வாய்க்கால் ஓரத்தில், வடிகால் சேரும் இடத்தில் இருக்கின்றன. நிலத்து ஈரம் சுவருக்குள் மேலேறுகிறது. கடலோர ஒன்றியங்களில் அந்த ஈரத்தில் உப்பும் கரைந்திருக்கும். வெயில் அடித்ததும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தங்கிவிடும். சுவரில் வெள்ளையாகப் பூக்கிறதே, அதுதான். உப்பு படிகமாகும்போது விரிகிறது. அந்த விரிவு சாந்தையும் கல்லின் மேல்தோலையும் உள்ளிருந்தே தள்ளி உதிர்க்கிறது.

மூன்றாவது காரணம் சாலை. ஒவ்வொரு முறை தெருவுக்குச் சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே கொட்டினால் தெரு உயர்கிறது, வீடு தாழ்கிறது. பழைய தளத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டார். காலனித் தெருவில் அது நடக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். படியேறிப் போன வீட்டுக்குள் இன்று படியிறங்கிப் போகிறோம் என்றால், மழைத் தண்ணீர் நேராகச் சுவரடியில்தான் நிற்கும்.

ஆகவே கரண்டியை எடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள். கூரைத் தண்ணீர் சுவரில் வழிகிறதா? குளியல், பாத்திரம் கழுவும் தண்ணீர் சுவரடியில் தேங்குகிறதா? வெளியே கொட்டிய மண் வீட்டுத் தரையைவிட உயர்ந்து சுவரை மூடியிருக்கிறதா? இந்த மூன்றையும் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல சாந்து வைத்தாலும் ஐப்பசி மழை அதைத் தின்றுவிடும்.

எந்தச் சுவருக்கு இது போதும்?

ஒரு ஆணியால் சாந்தைச் சுரண்டுங்கள். கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். மணலாகக் கொட்டினாலோ, தீக்குச்சி பாதிக்கு மேல் உள்ளே போனாலோ அந்த இடத்துக்குப் பாயிண்டிங் வேண்டும்.

ஆனால் சில சுவர்களுக்கு இது மருந்தல்ல. சுவர் வயிறு தள்ளி நின்றால், விரிசல் படிக்கட்டு மாதிரி ஏறி உள்பக்கமும் தெரிந்தால், மேல் தளத்தில் கம்பி வெளியே வந்து துருப்பிடித்திருந்தால், அந்த வீட்டில் சாந்து வைத்து ஏமாற வேண்டாம். மழைக்காலத்தில் அதற்குள் படுக்கவும் வேண்டாம். ஒன்றியப் பொறியாளரை வரவழைத்துப் பார்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நம் சுவரோடு பக்கத்துச் சுவரையும் பாருங்கள். 2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் நடூரில் 17 பேர் இறந்தது அவர்கள் வீட்டுச் சுவர் தானாக விழுந்து அல்ல, அடுத்த மனையின் உயரமான மதில் அவர்கள் வீடுகள் மேல் சாய்ந்து.

வேலை எப்படி நடக்க வேண்டும்?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு காலனியில் பங்குனி மாதம் இந்த வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொத்தனாரும் அதே தெருக்காரர். வீட்டுக்கார அம்மா அவருக்கு அத்தை முறை.

“மேலோட சிமெண்ட்ட பூசி மூடிட்டுப் போவாம, நோண்டிக்கிட்டே இருக்கியே மருமவனே” என்றார் அந்த அம்மா.

“மூடிட்டா பாக்க நல்லாத்தான் இருக்கும் அத்த. உள்ள உப்பு இருக்கு. ரெண்டு மழையில பூச்சு பாளம் பாளமா வந்துரும், கல்லோட தோலையும் உரிச்சுக்கிட்டு வரும்.”

இந்த வேலையின் அடிப்படைப் பாடம் அதுதான். ஈரச் சுவர் மூச்சுவிட வேண்டும். கல்லைவிடக் கடினமான சாந்தை நடுவில் வைத்தால் ஈரம் சாந்து வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாக வெளியேறும். கல் பொரியும். கல்லைவிடச் சற்று மென்மையான சாந்து வைத்தால் உப்பும் ஈரமும் சாந்து வழியாகப் போகும். சில ஆண்டு கழித்துச் சாந்து தேய்ந்தால் மறுபடி அடைக்கலாம். கல் தேய்ந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இனி வேலையின் வரிசை.

காலம்: கார்த்திகை, மார்கழி மழை ஓய்ந்து சுவர் காய்ந்த பிறகு, தை முதல் பங்குனி வரை நல்ல நேரம். சித்திரை வெயிலில் செய்தால் சாந்து இறுகும் முன்பே காய்ந்து வெடிக்கும். செய்தே ஆக வேண்டுமென்றால் நிழல் விழும் பக்கமாக, காலையிலும் மாலையிலும் செய்ய வேண்டும்.

சுரண்டுதல்: மெல்லிய உளியும் சிறு சுத்தியலும் போதும். கிரைண்டர் மெஷின் வேண்டாம், அது கல்லின் விளிம்பை அறுத்துவிடும். இடைவெளி எவ்வளவு அகலமோ அதைப்போல் இரண்டு மடங்கு ஆழம் எடுக்க வேண்டும். அரை அங்குலத்துக்குக் குறைவான நம் வீட்டு இடைவெளிகளுக்கு முக்கால் அங்குல ஆழம் என்று கணக்கு. மேலாக ஒட்டிய சாந்து நிற்காது. மேலிருந்து கீழாக, ஒரு நேரத்தில் மூன்றடிக்கு மூன்றடி பகுதியாக எடுங்கள். முழுச் சுவரையும் ஒரே நாளில் நோண்டிப் போடக் கூடாது. மண் சாந்தில் கட்டிய பழைய சுவராக இருந்தால் இன்னும் கவனம், ஆழமாகத் தோண்டினால் கல்லே கழன்று வரும்.

கழுவுதல்: முதலில் உலர்ந்த பிரஷால் தூசியையும் வெள்ளை உப்பையும் தட்டிவிடுங்கள். தட்டிய உப்பைச் சுவரடியில் விடாமல் அள்ளி அப்புறப்படுத்துங்கள். பிறகு நல்ல தண்ணீர் தெளித்து நனையுங்கள். சொட்டச் சொட்ட வேண்டாம், கல் தண்ணீரைக் குடித்து மேலே மினுமினுப்பு போன பிறகு சாந்து வையுங்கள். காய்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

கலவை: அரசு வேலைகளில் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்பது வழக்கம். நன்றாக வெந்த கெட்டிக் கல்லுக்கு அது ஒத்துவரும். உப்பேறிய மெல்லிய நாட்டுக் கல்லுக்கு ஒத்துவராது. சிமெண்ட் சாந்தில் கட்டிய தொகுப்பு வீட்டுக்கு ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் நல்லது. மண் சாந்திலோ சுண்ணாம்பிலோ கட்டிய பழைய சுவருக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். சிமெண்டே வேண்டாம். கிளிஞ்சல் சுண்ணாம்பை வீட்டில் நீற்றுவதானால் தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அது கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளை அண்டவிடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கடையில் மூட்டையில் வரும் நீற்றிய சுண்ணாம்புத் தூள் பாதுகாப்பானது. அதைக் கையாளும்போதும் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும்.

மணல்: ஆற்று மணல் கிடைக்காத இன்று பூச்சு வேலைக்கு விற்கும் பி-சாண்டைச் சலித்துப் பயன்படுத்தலாம். கடற்கரை மணலும் உப்பனாற்று மணலும் வேண்டவே வேண்டாம். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரும் வேண்டாம். குடிக்க முடியாத தண்ணீரைச் சுவருக்கும் கொடுக்காதீர்கள்.

வைத்தல்: சாந்து இளகலாக இருக்கக் கூடாது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஒட்டி வழியக் கூடாது. ஒல்லியான கரண்டியால் உள்ளே அழுத்தி, ஆழம் அதிகமென்றால் இரண்டு தடவையாக வையுங்கள். கட்டைவிரல் அழுத்தினால் லேசாகப் பதியும் பதத்தில் இழுத்து மட்டம் செய்யுங்கள். கல்லின் முகத்துக்குச் சமமாகவோ, ஒரு நூல் உள்ளேயோ இருக்கலாம். வெளியே துருத்திக்கொண்டு நின்றால் அதன் மேல் தண்ணீர் தங்கும்.

நனைத்தல்: சிமெண்ட் கலந்த சாந்துக்குக் குறைந்தது ஏழு நாள் ஈரம் வேண்டும். சுண்ணாம்புச் சாந்துக்கு இரண்டு வாரம் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் கோட்டை விடுவது இதில்தான். வைத்த அன்று இருக்கும் அக்கறை மூன்றாம் நாள் இருப்பதில்லை.

மாணவர்கள் போட வேண்டிய கணக்கு

பள்ளிக்கும் பாலிடெக்னிக்குக்கும் போகும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. 100 சதுர அடிச் சுவரில் சாந்து தெரியும் பரப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதுர அடி. முக்கால் அங்குல ஆழத்துக்கு அதை நிரப்ப எத்தனை கன அடி சாந்து வேண்டும்? முக்கால் அங்குலம் என்பது ஓர் அடியில் பதினாறில் ஒரு பங்கு. இருபதைப் பதினாறால் வகுத்தால் ஒன்றேகால் கன அடி. சிந்துவதையும் சேர்த்து ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் கலவைக்குச் சிமெண்ட் கால் மூட்டை போதும். ஒரு வீட்டின் வெளிச்சுவரில் கெட்டுப்போன கீழ்ப்பகுதிக்கு ஒரு மூட்டை சிமெண்ட் தாராளம்.

பொருள் இவ்வளவுதான். மீதியெல்லாம் உழைப்பு, அதிலும் பொறுமையான உழைப்பு. உழைப்புக்கா நம் தெருவில் பஞ்சம்? நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு ஞாயிறு ஒரு வீடு என்று முறை வைத்தால் ஒரு தை, மாசியில் ஒரு தெருவை முடிக்கலாம். நடவுக்கு மாற்றாள் வேலை பார்த்த மக்களுக்கு இது புதிதல்ல.

மணலைச் சோதிக்கும் வேலையும் பிள்ளைகளுடையது. கண்ணாடி பாட்டிலில் பாதி மணலும் மீதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். தெளிந்த பிறகு மணல் மேல் படியும் மெல்லிய சேற்றைப் பாருங்கள். சேறு தடிப்பாக இருந்தால் அந்த மணலைக் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வேலையின் நுணுக்கம் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். கலவையின் பதம் கைபார்த்துச் சொல்லும் சித்தாள்கள். இருபது ஆண்டு வேலை பார்த்த பிறகும் அவர்கள் சித்தாள்தான், நேற்று வந்த பையன் கொத்தனார் ஆகிவிடுகிறான். கூலியும் அப்படியே. பாயிண்டிங் வேலையில் பெரும் பகுதிக்குச் சாரம் வேண்டாம், பளு தூக்க வேண்டாம். கரண்டியைப் பெண்கள் கையில் கொடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை. வெளியே மறுக்கப்படுவதை நம் தெருவிலாவது தொடங்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. அதில் பதியாத சித்தாள்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அதையும் அந்த ஞாயிறன்றே எழுதிக்கொடுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியவை

நாமே செய்துகொண்டால் அரசு தப்பித்துக்கொள்ளும் என்று சில தோழர்கள் சொல்வார்கள். அது நியாயமான கவலை. ஆகவே கையில் உளியும் மறு கையில் மனுவும் இருக்க வேண்டும்.

நம் வீடுகள் சிக்கியிருக்கும் பொறியைப் புரிந்துகொள்ளுங்கள். 2016 முதல் நடக்கும் பிரதமர் ஊரக வீட்டுத் திட்டம், வீடில்லாதவர்களுக்கும் மண் சுவர், கீற்றுக் கூரை போன்ற கச்சா வீட்டில் இருப்பவர்களுக்கும் உரியது. நம் தொகுப்பு வீட்டுக்குச் சுவர் செங்கல், மேலே கான்கிரீட். காகிதத்தில் அது உறுதியான வீடு. கம்பி தெரிந்தாலும் கல் உதிர்ந்தாலும் காகிதம் உதிர்வதில்லை. ஏற்கெனவே வீடு பெற்றவர் என்ற குறிப்பும் பெயருக்கு எதிரே நிற்கும். குடிசையில் இருந்தவருக்குப் புது வீடு வருகிறது. இடியும் வீட்டில் இருப்பவருக்கு எதுவும் இல்லை.

இந்த இடைவெளியைப் பற்றிப் பல ஆண்டு பேசிய பிறகு, 2000-01-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்டுப் பழுதடைந்த ஊரக வீடுகளைச் சீரமைக்க 2024-ல் மாநில அரசு ஓர் அறிவிப்பு செய்தது. இரண்டரை லட்சம் வீடுகள், 2,000 கோடி ரூபாய் என்றது அறிவிப்பு. உங்கள் ஊராட்சியில் எத்தனை வீடுகள் பட்டியலில் ஏறின, காலனியில் எத்தனை, எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது என்று கேளுங்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகம் பதில் சொல்லக் கடமைப்பட்டது. வாயால் சொல்லாவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் ஊருக்கான மதிப்பீட்டு நகலையும் அளவுப் புத்தக நகலையும் கேளுங்கள்.

பழுது பார்க்கும் பணியே வந்தாலும் கவனம் வேண்டும். மேலே சொன்ன வேலையைச் செய்யாமல் உப்புச் சுவர் மேல் சிமெண்டைப் பூசி, வண்ணம் அடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டால், அடுத்த இருபது ஆண்டுக்கு ‘பழுது பார்க்கப்பட்ட வீடு’ என்று இன்னொரு முத்திரை விழும். வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்கள். பழைய சாந்தைச் சுரண்டினார்களா, சுவரடித் தண்ணீருக்கு வழி செய்தார்களா, ஏழு நாள் நனைத்தார்களா என்று பாருங்கள். ‘நாங்களும் கொத்தனார்தான்’ என்று சொல்ல நம் தெருவில் ஆள் இருக்கிறது. ஒப்பந்ததாரருக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்கு முன் பட்டதாரிப் பிள்ளைகள் நோட்டும் ஆணியும் தீக்குச்சியுமாகத் தெருவில் இறங்குங்கள். வீட்டு எண், கட்டிய ஆண்டு, எந்தத் திட்டம், எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் சாந்து போயிருக்கிறது, தெரு மட்டத்தைவிட வீட்டுத் தரை எவ்வளவு தாழ்வு, தளத்தில் கம்பி தெரிகிறதா என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பட்டியலைத் தீர்மானமாக்கச் சொல்லி, தீர்மான எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நகலைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். ‘எங்கள் வீடெல்லாம் இடிகிறது’ என்ற மனுவை ஓரமாக வைத்துவிடலாம். 64 வீடுகளில் எந்த வீட்டின் எந்தச் சுவர் என்று எழுதிய மனுவை அவ்வளவு எளிதாக வைத்துவிட முடியாது.

மனு நகரும் வேகம் நமக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழை மனுவுக்காகக் காத்திருக்காது. 2018 நவம்பரில் கஜா வந்தபோது எந்த வீடு நின்றது, எது சாய்ந்தது என்று பார்த்தவர்கள் நாம். கூரையையும் தளத்தையும் அரசிடம் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். கால் மூட்டை சிமெண்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் முடியும் வேலையை மட்டும் அடுத்த அறிவிப்புக்குத் தள்ளிப் போடாதீர்கள். இந்த வாரம் ஒரு ஆணியை எடுத்து உங்கள் வீட்டுத் தெற்குச் சுவரைச் சுரண்டிப் பாருங்கள்.